வாங்கத்துரை இறங்கிப்போன சுவர்

ஊர் மண்டபத்தைத் திறக்கப் போன கோயில்பிள்ளை திரும்பி ஓடிவந்து, வாங்கத்துரை சுவரை விட்டு இறங்கிப் போய்விட்டார் என்று சொன்ன காலையில், சிப்பிக்குடாவில் யாரும் நெஞ்சில் கைவைத்துக்கொள்ளவில்லை, யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. ஆண்கள் மண்டபத்துச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள், பெண்கள் தொப்பியையும் எடுத்துக்கொண்டா போனார் என்று கேட்டார்கள், நான், அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்ததால், "அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு எவ்வளவு தூரம் போயிரப் போறாரு, வருவாரு" என்று சொல்லிவிட்டுக் கொப்பரையை மூடினேன்.

வாங்கத்துரை யாரென்று தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. எங்கள் மண்டபத்தின் முன்வாசலில், படியேறியதும் வலதுகைப் பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு, நீலமும் வெள்ளையுமான சதுர டைல்ஸ்களில் தீட்டப்பட்டு நின்ற போர்த்துக்கீசியத் துரை அவர். சுருள் சுருளான பொய்முடி, முழங்கால்வரை தொங்கும் கோட்டு, மணிக்கட்டில் நுரைபோல லேஸ், ஒரு கையில் நெஞ்சோடு அணைத்த தொப்பி, மறுகை உள்ளே போகும் வழியைக் காட்டி நீண்டிருக்க, தலை குனிந்திருக்கும். 'வாங்க' என்று கூப்பிடுவதுபோல நின்றதால் வந்த பெயர். லிஸ்பன் பட்டணத்தில் பிரபுக்களின் வீட்டுப் படிக்கட்டுகளில் அந்தக் காலத்தில் இப்படி டைல்ஸ் ஆட்களை நிறுத்திவைப்பார்களாம். வருகிறவர்களை அவர்கள் வரவேற்பார்கள், வீட்டுக்காரர் மாடியை விட்டு இறங்கவேண்டியதில்லை. அதைக் கோவாவில் கேள்விப்பட்ட எங்கள் ஊர் முத்து வியாபாரி ஒருவர், தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆள்விட்டு, வைக்கோல் திணித்த பெட்டிகளில் கப்பலேற்றி வரவழைத்தார். எது எங்கே வரவேண்டும் என்று ஒவ்வொரு டைலின் முதுகிலும் அடையாளம் போட்டிருந்தார்களாம். எங்கள் கொத்தனாருக்கு அந்த எழுத்து தெரியாததால், ஓரச் சட்டத்தில் இருக்கவேண்டிய பூ ஒன்று துரையின் முழங்கைக்கு வந்துவிட்டது, முழங்கையின் ஒரு துண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த முழங்கைப் பூவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஊரில் மணப்பெண் உள்ளே போவாள்.

கான்வென்டில் எங்களுக்குச் சரித்திரம் எடுத்த சிஸ்டர் இக்னாசியா ஒருமுறை எங்கள் வகுப்பையே அவர் முன்னால் வரிசையாக நிறுத்தி, இந்தக் கலையைப் போர்த்துக்கீசியர்கள் வட ஆப்பிரிக்க மூர்களிடம் கற்றார்கள், இந்த நீலத்துக்குச் சீனப் பீங்கானைப் பார்த்து ஆசைப்பட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். சுட்ட களிமண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த பால்வெள்ளைப் பூச்சைப் பூசி, அது காய்ந்து மாவுமாதிரி இருக்கும்போது நீலத்தைத் தூரிகையால் இழுக்கவேண்டும். இழுத்த கோட்டை அந்த வெள்ளை உடனே குடித்துவிடும், அழிக்க முடியாது, திருத்த முடியாது, கை நடுங்கினால் நடுக்கமும் சேர்ந்து சூளைக்குள் போய் நிலைத்துவிடும். "கேர்ள்ஸ், அவர் குனிந்திருப்பதைக் கவனியுங்கள், அதற்குப் பெயர்தான் மரியாதை" என்றார் சிஸ்டர். கவனித்தோம். கவனித்ததோடு சரி.

ஏனென்றால் அவர் குனிந்ததால் நாங்கள் யாரும் குனியவேண்டியிருக்கவில்லை. மற்ற ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு கால்கடுக்க நிற்பார்கள். எங்கள் ஊரில் கல்யாண வீட்டாரும் துக்க வீட்டாரும் உள்ளே விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பார்கள், வாசலைத் துரை பார்த்துக்கொள்வார். அதில் எங்களுக்கு ஒரு பெருமை. வெளியூர்க்காரர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். மண்டபத்துக்குப் பின்வாசலும் உண்டு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சனங்கள், எங்கள் மீனைக் கழுவுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், அதன் வழியாக வந்து, கடைசிப் பந்தி எழுந்தபிறகு தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள். இப்படி நடக்கவேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. கோயில் ஒன்று, நற்கருணை ஒன்று, வாசல்தான் இரண்டு.

அந்த இரண்டாம் வாசல்காரிதான் தெக்கிலா. என் வயதுதான் இருக்கும். சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துரையின் முகம் துடைத்து, மண்டபம் கூட்டி, வாயாலும் ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவள். தன் மகள் அனிஸ்டாவின் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டாள். உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்று ஊர்க் கமிட்டித் தலைவர் லெயோன் மச்சாது சொல்லிவிட்டார். "அப்பச் சரி, பொண்ணு மாப்பிள்ளைய துரைகிட்ட நிறுத்தி ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிடுதோம்" என்றாள் தெக்கிலா. அதற்கு அவர் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அனிஸ்டாவின் கல்யாணப் பூசை முடிந்து அவர்கள் மண்டபத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, உள்ளே என் மகள் ஜெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம். மழை பிடித்துக்கொண்டது. அனிஸ்டா வெள்ளைச் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடிவரும்போது, யாரோ இரும்புக் கிரில் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். யார் சாத்தியது என்று இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நான் சாத்தவில்லை. "சாரல் உள்ள அடிக்கி, யாராவது கதவைப் பாருங்களேன்" என்று சொன்னேன், அவ்வளவுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள், இந்தப் பக்கம் நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நடுவில் துரை, வழக்கம்போல, உள்ளே போகும் வழியைக் காட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில்தான் அவர் இல்லை. ஓரச் சட்டம் அப்படியே இருந்தது, டைல்ஸ் அத்தனையும் இருந்தன, நடுவில் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளை, அந்த வெள்ளையில் கொத்தனார் தப்பாகப் பதித்த அந்த ஒற்றைப் பூ மட்டும் நீலமாக, தனியாக.

மத்தியானத்துக்குள் இடம் தெரிந்துவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தெக்கிலா வீட்டு முன்சுவரில், பூசாத சிமெண்டுக் கல்லின்மேல், கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தலையும் கோழிக்கூண்டுக்கு மேலே செருப்புமாக நின்றுகொண்டிருந்தார். அங்கே டைல்ஸ் கிடையாது, கோடு கிடையாது, கல் கல்லாகத்தான் இருந்தது, ஆனால் தொட்டால் வழுவழுவென்று குளிர்ந்தது. முழங்கை முழுதாக இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், எங்கள் ஊர் எதையும் எடுத்துக்கொள்ளும். லெயோன் மச்சாது ஆள்களையும் உளியையும் அனுப்பினார். உளி பட்ட இடத்தில் சிமெண்டுதான் உதிர்ந்தது, நீலம் உதிரவில்லை. தெக்கிலா, "சுவத்த நல்லாப் பேத்துட்டுப் போங்க, பூசித் தருவீயள்ல?" என்று கேட்டதும் ஆள்கள் திரும்பிவிட்டார்கள். பிறகு பழைய போட்டோவிலிருந்து துரையைப் பெரிதாக்கி, கமிட்டி உறுப்பினர்கள் கைகூப்பி நிற்கும் படங்களோடு பிளெக்ஸ் அடித்து வெள்ளைச் சுவரில் கட்டினார்கள். கடற்காற்று அதைக் கிழித்தது, இன்னொன்று அடித்தார்கள். பங்குச்சாமி பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம், அவர் கோயில் காணிக்கையைப் பற்றிப் பேசினார். வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் தெக்கிலா வீட்டு வாசலில் நின்று படமெடுத்தார்கள். அவள் சாவகாசமாகக் கோழிக்குத் தவிடு வைத்தாள்.

ஆனால் மண்டபத்தில் அதற்குப்பின், விருந்து வைக்கிறவர்களைத் தவிர, யாராலும் முன்வாசல் வழியாக உள்ளே போக முடியவில்லை. முதலில் ஒரு ஞானஸ்நான விருந்து. வந்தவர்கள் படியேறினார்கள், வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள், நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, கேட்டு திறந்துதான் இருந்தது, பிரியாணி வாசனை தெருமுனைவரை வந்துகொண்டிருந்தது; கால் மட்டும் நிலைப்படியைத் தாண்டவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு வந்துவிட்டவர்களைப் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வெயிலில், பட்டுச்சேலையும் கோட்டுமாக நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் கூப்பிட்டிருக்கலாம். வாய் திறந்தார்கள். "எப்ப வந்தீய?" என்று வந்தது, "மழை வரும்போலருக்கே" என்று வந்தது, "கார எங்க நிறுத்துனீய?" என்று வந்தது. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுவரிடம் கொடுத்துவைத்திருந்த சொல் சுவரோடு போய்விட்டது. தூத்துக்குடியிலிருந்து ஒரேமாதிரிச் சேலை கட்டிய வரவேற்புப் பெண்களை வாடகைக்குக் கூட்டிவந்து பன்னீர் தெளிக்கவிட்டார்கள். அந்தப் பெண்கள் அழகாகத்தான் சொன்னார்கள், வீட்டுக்காரர் சொல்லாததால் கால் அசையவில்லை.

பின்வாசல் திறந்துதான் கிடந்தது. அந்த வழியாகத் தாராளமாகப் போகமுடிந்தது; பாத்திரம் தேய்ப்பவர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். எங்களில் ஒருவர் போகவேண்டுமே. மண்டை வெடிக்கும் வெயிலில் தெருவில் நின்று, ஜன்னல் வழியாக நீட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோமே தவிர, ஒருவர்கூடப் பின்பக்கம் போகவில்லை. கொஞ்ச நாளில் அதுவே வழக்கமாகி, பொட்டலம் கட்டத் தனி ஆள் வைத்து, பொட்டலத்தின்மேல் மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்து என் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாயார் எவுப்பிரேசி அம்மாள் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தார். எந்த வார்த்தையையும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே எடுப்பார்.

"பெர்னதெத், ஒங்க ஊரு விசேஷமெல்லாம் கேள்விப்பட்டேன். பொட்டலம் வாங்க நாங்க வரல. வாசல்ல நின்னு கூப்பிடுங்க, உள்ள வாறோம். கூப்பிடலைன்னா மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிருவோம். தப்பா நினைக்காதீங்க."

நினைக்காமல் எப்படி? ஜெனிட்டா சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். "மம்மி, ஒரு வார்த்தைதானே, சொல்லிப் பாருங்களேன்" என்றாள். குக்கரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பால்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். தொண்டை வரை வந்து, மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது. என் வீட்டுக்காரர் கஸ்பார், "மைக்ல ரெக்கார்டு பண்ணிப் போட்டா என்ன?" என்று கேட்டார். அவரிடம் நான் அன்று முழுக்கப் பேசவில்லை.

கடைசியில் நானே ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் போனதே இல்லை. மீன் எங்கள் வாசலுக்கு வரும், நான் ஏன் போகப்போகிறேன்? தெக்கிலா உள்ளே, கதவுக்கு நேராக, அரிவாள்மணையில் சாளை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ தெக்கிலா."

நிமிர்ந்து பார்த்தாள். "மீன் வேணும்னா சொல்லி விட்டிருக்கலாமே."

"மீனுக்கு வரல. இவரைத் திருப்பி அனுப்பு. ஜெனிட்டா கல்யாணம்."

"நானா கட்டி வச்சிருக்கேன்? கேட்டுப் பாருங்க. வந்தா கூட்டிக்கிட்டுப் போங்க. சோறு தண்ணி கேக்காத விருந்தாளி, இருந்தாலும் சரி, போனாலும் சரி."

"உள்ள வந்து பேசுதேன்" என்று காலை எடுத்தேன். எடுக்க வரவில்லை. பக்கத்துச் சுவரில் துரை அவ்வளவு பணிவாக வழி காட்டிக்கொண்டிருக்கிறார், கதவு அகலத் திறந்திருக்கிறது, என் கால் நிலைப்படிக்கு வெளியே ஆணியடித்தமாதிரி நிற்கிறது. தெக்கிலா பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த சாளையை எடுத்தாள்.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் துரையைப் பார்த்தேன். சிறுபிள்ளையிலிருந்து அவரைத் தாண்டித் தாண்டிப் போனவள் முதல்முறையாக நின்று பார்த்தேன். கோட்டின் மடிப்பில் நீலம் கெட்டியாகத் தேங்கி, தோள்பட்டையில் மெலிந்து, லேஸில் தூரிகை நுனியின் மயிர்மட்டும் தொட்டுத் தொட்டுப் போயிருந்தது. தாடையோரம் ஒரே இழுப்பில் விழுந்த கோடு, அந்த ஓவியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்க வேண்டும். கண்ணைத் தேடினேன். இமை தாழ்ந்திருந்தது. வருகிறவரைப் பார்க்கவே இல்லை அவர்.

வெயில் ஏறியது. எதிர்வீட்டுப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "ஏளா, அம்மாவுக்கு ஒரு குடை குடுங்களா" என்றாள், மற்றவர்கள் சிரித்தார்கள். தெக்கிலா மீனைக் கழுவி முடித்துவிட்டு, மஞ்சள் தடவ ஆரம்பித்தாள். அப்போது தண்ணீர்க் குடத்தோடு வந்த அனிஸ்டா, புதுத் தாலி வெளியே கிடக்க, என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகிற போக்கில், "ஏன் வெயில்ல நிக்கீய, உள்ள வாங்க" என்றாள். அவ்வளவு சாதாரணமாக. குடத்தை இறக்கும் அவசரத்தில். என் கால் விடுபட்டது.

உள்ளே ஒரே அறை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள் அனிஸ்டா. உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் கல்யாண போட்டோ, கண்ணாடி போட்டு, பிளாஸ்டிக் மாலை சார்த்தி. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். மழையில் நனைந்து உடம்போடு ஒட்டிய சேலையில் அனிஸ்டா, பக்கத்தில் தலையிலிருந்து தண்ணீர் வழியும் மாப்பிள்ளை, இருவரும் போட்டோக்காரருக்காகச் சிரித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் சாத்திய கிரில் கேட்டு. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மங்கலாக, நீலப் பட்டுச்சேலையில் ஒரு பெண், கையில் ஐஸ்கிரீம் கிண்ணம், வாயில் கரண்டி.

அந்தச் சேலை எனக்கு என் நாத்தனார் எடுத்துக்கொடுத்தது.

அவர்கள் தினமும் அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் சோறு சாப்பிடுகிறார்கள். அனிஸ்டா டீ கொண்டுவந்தாள். குடித்தேன், எங்கே பார்த்துக் குடிப்பது என்று தெரியாமல் டம்ளருக்குள் பார்த்துக் குடித்தேன். துரையைத் திருப்பிக் கேட்க வந்த வாய், அவரைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

எழுந்தபோது சொன்னேன்: "ஜெனிட்டா கல்யாணத்துக்கு எல்லாரும் வரணும், தெக்கிலா."

"எந்த வாசலுக்கு?" என்றாள் அவள், மீன்சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டே.

கல்யாணத்தன்று நான் போய் அந்த வெள்ளைச் சுவரில் முதுகு சாய்த்து நின்றேன். பிளெக்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பூசை முடிந்து கூட்டம் வந்தது, படியில் நின்றது. முன்வரிசையில் எவுப்பிரேசி அம்மாள், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையோடு என் மகள், பூவும் கையுமாக, முழங்கைப் பூவுக்கு முத்தம் கொடுப்பதற்காக வந்து, முழங்கையே இல்லாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "பேசுங்க பெர்னி" என்றார் கஸ்பார் உள்ளேயிருந்து. "மொத மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார் லெயோன் மச்சாது, அனுபவஸ்தர். எவுப்பிரேசி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது கூட்டத்தின் கடைசியில், தெக்கிலாவும் அனிஸ்டாவும் அவள் மாப்பிள்ளையும் வந்து நின்றார்கள். கூப்பிட்டேனே என்று வந்திருந்தார்கள், எந்த வாசல் என்று நான் சொல்லாததால் தெருவிலேயே நின்றார்கள். அனிஸ்டா அதே வெள்ளைச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். அடியில் சேற்றுக்கறை போகவே இல்லை.

நான் அவர்களைப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. முகம் சுட்டது, கழுத்து சுட்டது, கண் தானாகத் தாழ்ந்தது, தலை தானாகக் குனிந்தது, கை மட்டும் நீண்டது, உள்ளே போகும் வழியைக் காட்டி.

"வாங்க தெக்கிலா" என்றேன். "வாம்மா அனிஸ்டா. வாங்க மாப்பிள்ளை."

கூட்டம் விலகியது. எல்லாருக்கும் முந்தி அந்த மூன்று பேரும் படியேறி, என்னைத் தாண்டி, முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். தெக்கிலாவின் பாதம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பித்த வெடிப்பு, புது மருதாணி. தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். "சாரல் அடிக்கல இன்னைக்கி" என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். எவுப்பிரேசி அம்மாளுக்குச் சொன்னேன், மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் சொன்னேன், லெயோன் மச்சாதுவின் சொந்தத்துக்கெல்லாம் சொன்னேன். நிமிராமலே சொன்னேன். குரல் கரகரத்துப் போகும்வரை சொன்னேன். உள்ளே கேக் வெட்டிக் கைதட்டும் சத்தம் கேட்டது. என் மகள் கேக் வெட்டியதை நான் பார்க்கவில்லை.

கடைசி ஆளும் உள்ளே போனபிறகு சுவரை விட்டு நகர்ந்தேன். முதுகு குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளை என்னைக் குடித்திருந்தது. நீலத்தில், சேலை மடிப்பு மடிப்பாக, இடுப்பில் சொருகிய சாவிக்கொத்தோடு, ஒரு கை நீட்டி, தலை குனிந்து நான். கொத்தனாரின் பழைய பூ என் மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது.

ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. கமிட்டி கூடி நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது, எனக்குப் பொன்னாடை போர்த்தியது. பொட்டலம் கட்டுவது நின்றது. விருந்துக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் தாராளமாக உள்ளே போகிறார்கள். தெக்கிலாவும் அவள் தெருக்காரர்களும் அந்த வழியாகவே வருகிறார்கள், யாரும் முகம் சுளிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். துரை மட்டும் திரும்பி வரவில்லை, கோழிக்கூண்டுக்கு மேலேதான் நிற்கிறார். போன மாதம் என் பழைய கான்வென்டிலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்த ஒரு புது சிஸ்டர், சுவரில் என்னைக் காட்டி, "கேர்ள்ஸ், எப்படிக் குனிந்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் மரியாதை" என்று சொல்லிக்கொடுத்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது மரியாதை இல்லை சிஸ்டர் என்று சொல்ல வாயெடுத்து, சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டேன். முந்நூறு வருஷம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்ற அந்த மனுஷனும் லிஸ்பனிலோ கடலிலோ யார் முகத்தில் எந்தக் கதவைச் சாத்தினாரோ, யாரிடம் கேட்பது?

இப்போதெல்லாம் மண்டபத்துக்குப் போனால் நான் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன். முன்வாசலில் நான் நிற்கிறேன்.